பரங்கிப்பேட்டையில் இறங்க வைத்த கல்வாழை

இன்று சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும்போது, பரங்கிப்பேட்டையில் பஸ் ஜன்னல் வழியே அதைப் பார்த்தேன். மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்ட கல்வாழை. போன மழையில் என் வீட்டில் அழுகிப்போன அதே ரகம். எந்த நர்சரியிலும் கிடைக்கவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, திரும்ப நடந்துபோய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, அந்தக் கல்வாழைல ஒரு கிழங்கு தருவீங்களா?"

அந்த அக்கா சிரித்தார். "எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது, பூவும் ஜாஸ்தி வைக்கல. நாளைக்கு வெட்டிப் போடலாம்னு இருந்தேன்."

"வெட்டாதீங்க அக்கா. நெருக்கமாயிட்டா பூக்காது. தோண்டிப் பிரிச்சு வச்சா நல்லா பூக்கும்."

இருவரும் கடப்பாரையோடு இறங்கினோம். பாதி வேலையில் துபாயிலிருந்து அவர் கணவர் வீடியோ காலில் வந்தார்.

"யாரு அது, நம்ம தோட்டத்தத் தோண்டுறது?"

"தெரியல மச்சான். பஸ்ஸ வுட்டு எறங்கி வந்திருக்காங்க."

"அது நான் வச்ச செடி. முழுசா குடுத்துடாத."

பாதியை அங்கேயே இடைவெளி விட்டு நட்டோம். மீதி இப்போது கடலூர் செம்மண்டலத்தில், என் வீட்டு மாடித் தொட்டிகளில். கையில் மண் காயும் முன்பே இதை எழுதுகிறேன்.

பூத்ததும் போட்டோ அனுப்ப நம்பர் வாங்கினேன், பெயர் கேட்க மறந்துவிட்டேன். போனில் 'கல்வாழை அக்கா' என்று இருக்கிறார். உங்கள் போனில் இப்படி யாரெல்லாம் இருக்கிறார்கள்?