வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டிய குழி

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். பிள்ளையார், வீடு கட்டி விற்கிற ஒரு கொந்தராத்துக்காரரின் கனவில் வந்து எங்கள் கிணற்றைக் காப்பாற்றினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை மறுத்தால் பிள்ளையாரைக் குறைத்துச் சொன்னதாகிவிடுமோ என்று பயந்திருந்தேன். இப்போது அந்த மனிதரின் பேரப்பிள்ளைகளே கனவுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு எங்கள் ஊருக்கு வந்த சனங்களுக்கு வீடு தேவைப்பட்டது. எங்கள் வீட்டு வளவுக்கு வடகிழக்கே கிடந்த வெறுங்காணியை அந்தக் கொந்தராத்துக்காரர் வாங்கி, நான்கு துண்டாக்கி, விற்பதற்கு வீடு கட்டத் தொடங்கினார். திருநீறு பூசாமல் அத்திவாரத்தில் கால் வைக்கமாட்டார். ஒவ்வொரு துண்டிலும் வடகிழக்கு மூலையில் கிணறு, தென்மேற்கு மூலையில் கக்கூஸ் குழி என்று சாத்திரப்படி குறித்திருந்தார்.

எங்கள் கிணறும் எங்கள் வடகிழக்கு மூலையில்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் குடிக்கிற தண்ணீர், ஊர்ப் பிள்ளையார் கோயில் அபிஷேகத்துக்கு அள்ளுகிற தண்ணீர். அந்தப் பக்கம், நாலு முழம் தள்ளி, அவருடைய தென்மேற்கு மூலைக் கக்கூஸ் குழி. வெட்டத் தொடங்கியதைக் கண்டதும் வேலியடிக்கு ஓடினேன்.

"அண்ணை, உதிலை வெட்டாதேங்கோ" என்று வேலியால் கூப்பிட்டேன்.

"ஏன் தங்கச்சி, நான் மூலை பிசகினனானோ? சாத்திரியாரைக் கேட்டுத்தான் வெட்டுறன்."

"உங்கடை சாத்திரம் உங்கடை வேலியோடை நிண்டிடும். தண்ணி நிக்குமோ?"

அவருக்குச் சுவர் கட்டுகிற மேசன் சிரித்தான். "நடுவிலை முழுக்கக் கல்லுப்பாறை அக்கா. பயப்பிடாமல் போய்ச் சமையுங்கோ."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. குழிக்குக் கொஞ்சம் அப்பால், அவருடைய காணியில் புதிதாக வெட்டிய கிணற்றில் ஊறிய தண்ணீரை மெசினால் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மெசின் ஓடட்டும் அண்ணை. நீங்கள் ஒருக்கால் வந்து எங்கடை கிணத்தைப் பாருங்கோ."

வந்து எட்டிப் பார்த்தார். காலையில் தண்ணீருக்குள் இருந்த படிக்கல் வெளியே தெரிந்தது. ஈரம்கூடக் காயவில்லை. மெசினை நிற்பாட்டச் சொல்லிக் கத்திவிட்டு, கிணற்றுக் கட்டைப் பிடித்தபடி நின்றார். மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறி அந்தக் கல்லைத் தொட்டது.

"கல்லெண்டு சொன்னியேடா" என்றார் மேசனிடம். "உள்ளுக்கை முழுக்க ஓட்டை." பிறகு தன் காணியைத் திரும்பிப் பார்த்து, "என்ரை வளவுக்குள்ளையும் ஒரு வீட்டின்ரை குழி மற்ற வீட்டின்ரை கிணத்தோடை எல்லோ கிடக்கு!" என்று தலையில் கை வைத்தார்.

அன்றே குழியை மூடுவித்தார். நான்கு குழிகளையும் சாத்திர மூலையை விட்டு, கிழக்கே ஒழுங்கைத் தெருப் பக்கம், வாசல் படலையடிக்குக் கொண்டுபோனார். வெட்டிய அந்த ஒரு கிணற்றையே நாலு வீட்டுக்கும் பொதுவாக்கி, காணி உறுதிப் பத்திரத்தில் பங்கு எழுதினார். வீடு பார்க்க வந்த ஒருவர், "படலையடியிலை கக்கூசோ? வாறவை முதல் அதையோ கும்பிடுறது?" என்று நக்கலடித்துவிட்டுப் போனார். வீடுகள் விலைப்படச் சுணங்கின. கொந்தராத்துக்காரர் குழிகளை மாற்றவில்லை.

அங்கே சனம் குடியேறிய முதல் மாரிக்காலம், ஒவ்வொரு வாளியையும் மணந்து பார்த்துத்தான் குடத்தில் ஊற்றினேன். மாரி முடியும்வரை ஒரு மணமும் இல்லை. "அப்பனே, பிள்ளையாரே" என்று கிணற்றுக் கட்டின் மேலேயே குந்திவிட்டேன்.

அவருக்குக் கனவு ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நான் கூப்பிட்டதற்கு ஒரு மனிதர் வந்து குனிந்து பார்த்தார். பிள்ளையாருக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். வாசித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது கனவைச் சேர்க்காதீர்கள், படலையடிக் கக்கூசை விட்டுவிடவும் வேண்டாம்.