பீரோவுக்குப் பின்னால் ஒரு கோடு

“பீரோவக் கொஞ்சம் நகத்துங்க” என்றபடி செவ்வந்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்கிறார். வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. கட்டடத்துக்கு பிளான் போட வந்தவருக்குப் பீரோவிடம் என்ன வேலை என்று புதியவர்கள் விழிப்பார்கள். பெயிண்ட் அடிப்பவர்கள் எந்த ஊரிலும் பீரோவை நகர்த்துவதில்லை. அதனால் முன்பு எப்போதோ வீட்டுக்குள் வந்துபோன வெள்ளத்தின் பழுப்புக் கோடு அதன் பின்னால் பத்திரமாக இருக்கும். செவ்வந்தி டேப்பை வைத்து அளந்துவிட்டு, “வாசப்படியோட நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே” என்பார். வீட்டுக்காரர் காப்பியை நினைவுபடுத்துவார்.

ஒருமுறை அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே கேட்டுவிட்டார். பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள் என்று பெண் வீட்டார் முகம் கறுத்துப்போனார்கள். அந்தச் சம்பந்தம் கூடியதற்குப் பையனின் நல்ல நேரம்தான் காரணம். கோடு இரண்டே கால் அடியில் இருந்ததாம். அதைத் திரும்பி வரும்போது வேனிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

ஆற்றுக்குத் தெற்கே நாணல்குடி நகராட்சி. வடக்கே கோரைமங்கலம் பேரூராட்சி. இரண்டிலும் பிளான் போட லைசென்ஸ் வைத்திருக்கும் செவ்வந்தி, நாற்பத்தாறு வயதில், ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல்லில் நாளைக்கு நாலு தடவை பாலத்தைக் கடக்கிறார். நாணல்குடியில் ரோட்டிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பேஸ்மட்டம் போட்டால் போதும். கோரைமங்கலத்தில் அப்படி இல்லை. அந்த மனையில் தண்ணீர் எவ்வளவு ஏறியதோ, அதற்கு மேல் இரண்டடி உயர்த்த வேண்டும். எவ்வளவு ஏறியது என்று பிளான் போடுபவர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

இதில் இரண்டு ஊருக்கும் ஓயாத கேலி. “கோரமங்கலத்துக்காரன் ஏணி வச்சுல்ல வீட்டுக்குள்ள போறான்” என்பது தெற்கே. “அவனுங்க ரோடு போடப் போட வீடு பள்ளத்துக்குப் போவுது, இன்னும் நாலு வருசத்துல ஜன்னல் வழியாத்தான் எறங்கணும்” என்பது வடக்கே. செவ்வந்தி இரண்டு பக்கமும் சிரித்துவைப்பார். ஆனால் இன்சூரன்ஸ் பேச்சு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். “அவங்களுக்குப் பாலமும் கெடையாது, எல்லையும் கெடையாது. பத்து வருசத்துல தண்ணி பூந்துச்சா இல்லியா, அது ஒண்ணுதான் கேள்வி. அங்க பொய் எழுதினீங்கன்னா, தண்ணி வர்ற அன்னிக்கு அந்தத் தாளு மட்டும்தான் மெதக்கும்.”

கோரைமங்கலத்தில் அம்சவல்லி என்று ஒரு தையல்காரர். ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே மனையில் மாடி இல்லாத சின்ன வீடு கட்ட நினைத்தார். வங்கிக் கடனுக்கு பிளானும் வேண்டும், இன்சூரன்சும் வேண்டும். செவ்வந்தி போய் உட்கார்ந்ததுமே, “கணுக்கால் அளவுதாங்கா வந்துச்சு” என்றார், கேட்பதற்கு முன்னாலேயே. செவ்வந்திக்கு அது போதும். பீரோ நகர்ந்தது. கோடு மனைத் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தது.

“ரெண்டரையும் ரெண்டும் நாலர. நாலரையடி பேஸ்மட்டம் போடணும், அம்சா.”

“பாலத்துக்கு அந்தாண்ட மூணடி போதும்ங்கிறாங்க. அங்க ஒரு தண்ணி, இங்க ஒரு தண்ணியாக்கா?”

“தண்ணி ஒண்ணுதான். ஆபீசுதான் ரெண்டு.”

அம்சவல்லி சிரிக்கவில்லை. பின்கட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய கணவர் இளையபெருமாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். நெல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது இருக்கும் ஒரு படியையே பலகை போட்டுச் சமாளிக்கிறார். தானே உருட்டிக்கொண்டு டீக்கடை வரை போய் வருவார்.

“நாலரையடின்னா ஒம்பது படிக்கா. அவரத் தூக்கிட்டு எறங்க ஆளு யாரு? உள்ளயே கெடந்துடுவாரு.” அம்சவல்லியின் குரல் தாழ்ந்தது. “தண்ணி வந்தா வரட்டும். கணுக்காலுன்னே எழுதிடுங்க.”

எத்தனையோ பேர் எதற்கெதற்கோ செவ்வந்தியிடம் கோட்டைக் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டதில்லை. ஆனாலும் இறக்கவில்லை. “தண்ணி வந்தா மொதல்ல மாட்டிக்கிறது யாரு? ஓட முடியாதவருதானே?” என்று கேட்டார். காப்பியைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

அடுத்த மூன்று நாளும் செவ்வந்தியின் வீட்டில் குழம்பில் உப்பு சரியாக விழவில்லை என்று கணவர் சொன்னதாகக் கேள்வி. சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி ஓட்டம் வேண்டும். நாலரை அடிக்கு ஐம்பத்து நாலு அடி. அதற்கு மனை முன்னால் எங்கே இடம்? நாணல்குடியில் வீட்டைச் சுற்றி விடும் காலியிடத்தில் ஒரு செங்கல் வைக்க முடியாது. கோரைமங்கலத்து விதிகளை நாலாவது தடவை புரட்டியபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. காலியிடத்தில் கூரையில்லாத சாய்தளம் போடலாம், அதைக் கட்டடமாகக் கணக்கில் எடுப்பதில்லை. நாலரை அடி கேட்டு அழவைத்த அதே ஊர், அதைச் சுற்றி ஏறிப்போகவும் வழி விட்டிருந்தது. செவ்வந்தி வீட்டின் மூன்று பக்கமும் சுற்றி ஏறும் ஒரு பாதையை வரைந்தார். இன்சூரன்ஸ் படிவத்தில் ‘தண்ணீர் புகுந்தது, இரண்டரை அடி’ என்று எழுதினார்.

பழைய வீட்டைப் பிரித்தபின் மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். நடுவில் சுவர்கள், அவற்றைச் சுற்றிப் பாதை. மேஸ்திரி சரி என்றார். செவ்வந்திக்குத் திருப்தி இல்லை.

“அண்ணே, கொஞ்ச நேரம் இந்தக் கட்டில்ல ஒக்காந்துக்குங்க. வண்டியக் குடுங்க” என்று இளையபெருமாளிடம் கேட்டார். புடவையை ஒதுக்கிக்கொண்டு தானே நாற்காலியில் உட்கார்ந்தார். சக்கரத்தைக் கையால் தள்ளிக் கோட்டோடு உருண்டார். முதல் திருப்பம் சுலபமாக முடிந்தது. இரண்டாவது திருப்பத்தில் நாற்காலி பின்னுக்கு வந்து முன்னுக்குப் போய்த் தவித்தது. கடைசியில் ஒரு சக்கரம் அடுப்படிச் சுவரின் கோட்டில் ஏறி நின்றது.

“பரவால்ல மேடம், நான் ஒடிச்சுத் திருப்பிக்குவேன்” என்றார் இளையபெருமாள்.

செவ்வந்தி அம்சவல்லியைப் பார்த்தார். “அடுப்படி ஒன்றரையடி சுருங்கும்.”

“சுருங்கட்டும்க்கா.”

செவ்வந்தி இறங்கினார். இன்னும் எழும்பாத அந்த அடுப்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போய், வெறுங்காலால் கோட்டை அழித்தார்.