ஷட்டரில் இரண்டு எழுத்து

எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது செம்புக் கம்பி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே பிரிக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் புதிதாகக் கட்டும் கம்பிச்சுருளான காயிலும் புகைந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக எண்ணி எண்ணி, காயில் அக்காவுக்கு ஆட்களின் பேச்சையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. யாராவது சும்மா நலம் விசாரித்தால்கூட, 'இப்ப எதுக்கு?' என்பதுபோல்தான் பார்ப்பாள்.

தெருமுனைப் பம்பு ஆலையில் கற்ற வேலை அது. ஆலை மூடியதும் எதிரே நகராட்சிக் கட்டடத்தில் கடை பிடித்தாள். ஒரு மேசை, கம்பி சுற்றும் கைச்சக்கரம், வார்னிஷ் டப்பா, முழங்கால் இடிக்கும் அளவுக்கு மோட்டார்கள்.

இப்போது அந்த ஆலை கலை வளாகமாகிறதாம். திட்ட அதிகாரி கடைக்கே வந்தார்.

"கலையால இந்தத் தெருவுக்கே புது உயிர் குடுக்கப்போறோம்மா. உங்க ஷட்டர்ல உங்க படம்தான்."

"உயிர் போச்சுன்னு யாரு சார் சொன்னது?"

பின்தெருவிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. தையல்காரர் கடைச் சுவரில் அழகாக ஒரு கத்தரிக்கோல் வரைந்தார்கள். கத்தரிக்கோல் இன்னும் இருக்கிறது, தையல்காரரைக் காணோம். உள்ளே காபி விற்கிறார்கள். அக்கா குத்தகையை நீட்டிக்கச் சொல்லிக் கொடுத்த மனுவுக்கோ மூன்று மாதமாகப் பதில் இல்லை.

வீட்டில் கணவர் சிரித்தார். "ஊரே உன் மூஞ்சியப் பாக்கப்போகுது. அதுக்கும் முறைக்கிறியே!"

"ஒரு ஆளு படத்தைப் பெருசு பண்ணி எப்ப மாட்டுவாங்கன்னு தெரியும்ல?"

அவர் சிரிப்பு நின்றது.

ஆனாலும் சம்மதித்தாள். மாட்டேன் என்றால் மனு அடியில் போய்விடுமோ என்ற பயம். ஓவியம் வரைய ஒரு இளம்பெண் வந்தாள். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் கையையே பார்த்தாள். கடை மூடியதும் ஷட்டரில் வரைந்தாள்; கட்டைவிரல் தழும்பைக்கூட விடவில்லை. அக்காவுக்கு மனம் கொஞ்சம் இளகியது. இளகியதிலும் சந்தேகம் வந்தது.

மூன்றாம் நாள் படத்துக்குக் கீழே ஒரு வரி முளைத்திருந்தது: 'இங்கே மோட்டார் காயில் கட்டிவந்தவர்.'

அக்கா எழுத்தெழுத்தாகப் படித்தாள். "வந்தவரா? நான் எங்கம்மா போயிட்டேன்?"

"ஆபீஸ்ல குடுத்ததத்தான் எழுதினேன்க்கா," என்று ஓவியப் பெண் விழித்தாள்.

மாற்றச் சொல்லிக் கேட்டதற்கு அதிகாரி அசையவில்லை. "ஒப்புதல் வாங்கின வாசகம்மா, மாத்த முடியாது. ரெண்டு எழுத்துதானே! அப்புறம், திறப்பு விழா அன்னிக்குக் கடைய மூடிருங்க. அப்பதான் படம் தெரியும்."

"திறப்பு விழாவுக்கு நான் மூடணும். சரிதான் சார்."

விழாவன்று காலை எட்டு மணிக்கே ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். படமும் 'வந்தவரும்' உள்ளே சுருண்டுபோனார்கள். விருந்தினர்கள் வந்தபோது மேசைமேல் ஒரு பம்பு மோட்டார் பிரிந்து கிடந்தது.

அதிகாரி ஓடிவந்தார். "படம் எங்கம்மா?"

"ஆளே இருக்கேனே சார். பாக்கச் சொல்லுங்க. நாப்பத்தாறு, நாப்பத்தேழு..."

விருந்தினர்களில் ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டு மோட்டார் உறுமுது. பாப்பீங்களா?"

"கொண்டாங்க."

மாலை ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கியபோது ஓவியப் பெண் தூரிகையோடு நின்றாள். "சொல்லுங்கக்கா, எந்த ரெண்டு எழுத்து?"

"ஆபீஸ்ல அனுப்பினாங்களா?"

"நானாதான் வந்தேன்."

"எதுலயும் கையெழுத்துப் போட வேணாமே?"

அவள் சிரித்துவிட்டு 'ந்த'வை அழித்து 'ருப' என்று எழுதினாள். கட்டிவருபவர். காயும்வரை நின்ற அக்கா, காயிலுக்குப் பூசும் வார்னிஷை எடுத்து அந்த இரண்டு எழுத்தின்மேல் மட்டும் பூசினாள்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்குமுன் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். எழுத்து வரவில்லை. மனுவுக்குப் பதிலும் வரவில்லை. உறுமும் மோட்டார் வந்திருந்தது.