எலிகண்ட் என்றால் எலியில்லை, அக்கா

அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். அவர் வளர்த்த பிள்ளை நான் ஒருவன்தானே.

அக்கா பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடொன்றில். சிறுமியாகக் கப்பலேறி வந்து கொடைக்கானல் மலையில் குடியேறினார். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். தாமதமாகத்தான் மணம் முடித்தார். மச்சானும் சீக்கிரமே காலமானார். பிள்ளைகள் இல்லை. வத்தலக்குண்டில் எனக்கு ஆசிரியர் வேலை. "என்கூட வந்துரு அக்கா" என்றால், "அங்கன வெக்கை தாங்காதுப்பா" என்று சொல்லிவிட்டு நாயுடுபுரத்து ஒற்றை அறையில் தனியாகவே இருந்தார்.

செண்பகனூரில் ஒரு வெள்ளைக்கார அம்மையாரின் விடுதியில் துணிகள் துவைத்துத் தேய்ப்பது அவர் வேலை. ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்த்து வருவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, இரண்டு நாளாக வேலைக்கே போகாமல் படுத்திருந்தார்.

"விடுதியில விருந்தன்னிக்குச் சாம்பல் கலர் சேலை கட்டிப் போனேன். அந்தம்மா என்னைய எலிங்கிறாங்க. சமையக்காரன் சிரிக்கிறான். மெலிஞ்சுதான் போயிட்டேன், அதுக்குன்னு?"

"என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுக்கா."

"வெரி எலி... எலிகன்னு."

"எலிகண்ட். அழகா இருக்கேன்னு சொல்லியிருக்காங்க. பகட்டில்லாத அழகு. வேண்டாதது ஒண்ணும் இல்லாம, பாங்கா இருக்கிறது. சேலையைச் சொல்லலாம், நடையைச் சொல்லலாம்."

"சோத்தைச் சொல்லலாமா?"

"சோத்தைச் சொல்ல மாட்டாங்க. பரிமாறுற விதத்தைச் சொல்லலாம்."

அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"உன் மச்சான் போனப்புறம் என்னைய யாரும் ஏறிட்டுப் பாத்து ஒண்ணு சொன்னதில்லப்பா" என்றார்.

மறுநாள் வெள்ளனே வேலைக்குப் போய்விட்டார்.

சென்ற கார்த்திகையில் அக்காவுக்கு நெஞ்சுச்சளி முற்றியது. சேதி கேட்டுக் கிளம்பினேன். மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் வண்டிகள் நின்றுவிட்டன. நான் போய்ச் சேருமுன் அக்கா போய்விட்டார்.

அந்த இரவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மரியம்மா அக்காவுக்கும் அவர் கணவருக்கும், இறுதிச் சடங்குக்கு மழையில் நடந்தே வந்த விடுதி அம்மையாருக்கும், தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் என் நன்றி.

மரியம்மா அக்காவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. காரியங்கள் முடிந்த சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழக்கத்தில் பஸ் ஏறி வந்து என் அக்காவின் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன். எதுவும் கேட்காமல் என்னைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்தார்.