சரிகை சுற்றிய வயர்

மெக்கானிக் கடையில் வயர் கருகும் வாசம் வந்தால் போதும், நான் தாமல் ஏரிக்கரையில்தான் நிற்பேன்: அங்கே ஒரு மணப்பெண்ணுக்காக அப்பா நெய்த கூரைப்புடவை அம்மாவின் கையில் இருக்கும், முகூர்த்தத்துக்கு அரை மணிதான் இருக்கும், அப்பா உதைக்க உதைக்க மோட்டார் சைக்கிள் இருமி இருமி அணையும்.

தோலுரிந்த இக்னீஷியன் வயரைக் காலையில் தறியடியில் கிடந்த நூலால் அவர் சுற்றியிருந்தார். அரை மணியும் கரையும் நேரத்தில், கருகல் வாசம் பிடித்துக் குனிந்து பார்த்த அம்மா சொன்னாள்:

"இது சரிகைங்க. வெள்ளி இருக்குதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க, கரண்டு பாயாதா?"

அப்பா சரிகையை உருவினார். அம்மா என் சடை ரிப்பனை அவிழ்த்து நீட்டினாள்; அதைச் சுற்றியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது.

ஏரிக்கரை திரும்பும்போதே கெட்டிமேளம் கேட்டது. தாலி ஏறிவிட்டது என்று எனக்கே புரிந்தது. அப்பா மட்டும் வேகத்தைக் குறைக்கவில்லை.