ஆட்டக்களத்தில் நின்ற எல்லைக்கல்

முழங்கால் உயரம்கூட இல்லாத கருங்கல். உச்சியில் சுண்ணாம்பு. மாசி பிறந்தால் அதற்கு ஒரு சட்டை ஏறும்: வைக்கோல் திணித்த சாக்கு, மேலே நார்க்கயிற்றுச் சுற்று. சித்தப்பாவை நினைக்கும்போது பந்துக்கு முன்னால் இந்தக் கல்தான் கண்ணில் வந்து நிற்கிறது. அவருடைய நிலத்துக்கும் அப்பாவின் நிலத்துக்கும் நடுவரப்பில் தாத்தா ஊன்றிய எல்லைக்கல் அது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்து கிடந்தவர், தன் பெயருக்குப் பட்டா வந்த பிறகு இரண்டு மகன்களுக்கும் சரிபாதி பிரித்து, தன் கையாலேயே குழி தோண்டி நட்டது. எங்கள் வீட்டில் மாதா படத்துக்கு அடுத்தபடி மரியாதை அதற்குத்தான்.

சித்தப்பா சென்னையில் ஓர் அரசு நிறுவனத்தின் கால்பந்து அணிக்கு ஆடியவர். அங்கே கிடைத்த வேலையே பந்து வாங்கிக் கொடுத்ததுதான். இடது காலில் பந்தை ஒட்டவைத்துக்கொண்டு, வாய்க்காலில் புதுத்தண்ணீர் வளைந்து வருவது போல வருவார். ஒருநாள் முட்டி போனது. ஆட்டம் போனது, நாற்காலி மிஞ்சியது. மற்றவர்கள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து நரைத்துப்போவார்கள். இவரால் முடியவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினார். "ஊருல ஒரு டீம் உண்டாக்கப் போறேண்ணே" என்றார். சோற்றில் வைத்த கையை அப்பா எடுக்கவில்லை. "கவர்மெண்டு உத்தியோகத்த விட்டுட்டு வந்து பந்தாடப் போறியா? இதுக்கா நம்ம அப்பா சேத்துல கெடந்தாரு?" அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

அணி சேர்ந்துவிட்டது. எனக்கு அப்போது கல்லூரி முடிந்து வேலை தேடும் வயது; இடது பக்கத் தடுப்பு என் பொறுப்பு. மைதானம்தான் இல்லை. எங்கள் பக்கம் சம்பா அறுப்பதற்கு முன்பே, நிற்கிற கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் போன கையோடு உளுந்து எழுந்துவிடும். நிலம் சும்மா கிடக்கவே கிடக்காது. சித்தப்பா மட்டும் தன் பங்கில் உளுந்து தெளிக்காமல் விட்டார். அதற்குள் குறுக்கே வரப்புகள். உருட்டினால் பந்து முட்டி நிற்கும். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தூக்கி அடித்தே பழகினோம்.

அந்தக் கோடையில் மன்னார்குடிப் போட்டிக்குப் போனபோதுதான் புரிந்தது, கால்களுக்குள் என்ன புகுந்திருக்கிறதென்று. பலகை போலச் சமமான மைதானம். ஆனாலும் நாலு எட்டு ஓடியதும், இல்லாத வரப்பைத் தாண்டப் பந்தைத் தூக்கிவிட்டோம். நானும்தான். "நாத்துமுடி வீசுறானுங்கடா!" என்று, நடவில் நாற்றுக்கட்டு எறிவதைச் சொல்லி ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. கோல்கள் விழுந்துகொண்டே இருந்தன.

ஊர் திரும்பிய சித்தப்பா நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். "அண்ணே, என் வரப்பையெல்லாம் வெட்டிடுறேன். அப்பவும் பாதி மைதானம்தான் வருது. மீதி ஒங்க பக்கம் இருக்கு. ஒரே ஒரு கோடை குடுங்க. அடுத்த தடவ தோத்தா நானே வரப்பு போட்டு, உளுந்து தெளிச்சிட்டு, பந்துங்கிற பேச்சையே விட்டுடுறேன்." அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தை வந்தது. உளுந்து தெளிக்க ஊரே வயலில் இறங்கிய காலையில் அப்பாவும் விதைக்கூடையோடு போனார். திரும்பியபோது கூடை போனபடியே நிறைந்திருந்தது. "பானையில கொட்டி வை" என்று அம்மாவிடம் நீட்டினார். பிறகு பக்கத்து வீட்டிலிருந்த சித்தப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வரப்ப வெட்டிக்கச் சொல்லு. கல்லுல கைய வெச்சான், அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

வரப்புகள் போயின. வெயிலில் வாய்பிளந்த களிமண்ணைக் குளத்து மண் கொட்டி அடைத்தோம். முழு மைதானம் கிடைத்தது, நட்டநடுவில் ஒரு கல்லோடு. முதல் நாளே ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே பிய்ந்தது. சித்தப்பா கல்லுக்குச் சாக்கு கட்டினார். அன்று மாலை முழுக்க அதன் எதிரிலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் எங்களை நிறுத்தி, "இனிமே எவனும் கீழ பாக்கக் கூடாது. அண்ணன் எங்க நிக்கிறாருன்னு ஒங்க முதுகுக்குத் தெரியணும்" என்றார். அப்படித்தான் கல்லுக்கு அண்ணன் என்று பெயர் வந்தது. "அண்ணன்கிட்ட மோதாதீங்கடா. அவரு நகர மாட்டாரு. நாமதான் சுத்திப் போவணும்." பங்குனி, சித்திரை முழுக்க அதே குரல். தலையைத் தூக்கியபடி பந்தோடு ஓடக் கற்றோம். முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கண் இல்லாமல் பார்க்கக் கற்றோம்.

மீண்டும் மன்னார்குடி. இறுதி ஆட்டம், இரு பக்கமும் கோல் இல்லை, நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் நடுக்கள ஆட்டக்காரனுக்குப் பந்து வந்தபோது, முதுகோடு ஒட்டி ஒரு மலை போன்ற ஆள். கோட்டுக்கு வெளியே நொண்டியபடி ஓடிவந்த சித்தப்பா கத்தினார்: "டேய், அண்ணன் நிக்கிறாருடா!" அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. இடுப்பை ஒடித்து, அந்த ஆளைக் கல்லைப் போலவே சுற்றிக்கொண்டு போய், பந்தை வலையில் சேர்த்தான்.

கூட்டத்தின் பின்வரிசையில் அப்பா நின்றிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்: "என்னயவாடா சொன்னான்?"

அந்த வெற்றியைப் பார்த்து ஒரு கல்லூரி சித்தப்பாவைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. அங்கிருந்து வெளி மாநிலங்கள், பெரிய அணிகள், கோப்பைகள். தலை நரைத்த சித்தப்பாவை இப்போது செல்போன் திரையில்தான் அதிகம் பார்க்கிறோம். போன வாரம் ஒரு பேட்டி. பயிற்சி மைதானத்தின் நடுவில் எதற்கு எப்போதும் ஒரு சாக்கு மூட்டை என்று கேட்டார்கள். "அது எங்க அண்ணன்" என்றார், சிரிக்காமல்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் என்னைய மூட்டையாக்கிட்டான்" என்று அப்பா முணுமுணுத்தார். எண்பதை நெருங்குகிறவர். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, "சாக்க எடுத்துட்டு வா" என்றார். வெட்டிய வரப்பை நாங்கள் மறுபடி போடவே இல்லை. சுற்றிலும் உளுந்து பச்சை கட்டியிருக்க, எங்கள் நிலம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. இப்போது அங்கே ஆடுவது ஊர்ப் பெண்பிள்ளைகளின் அணி. நான் வைக்கோலைத் திணிக்க, அப்பாவே கயிற்றைச் சுற்றினார். "இறுக்கு. புள்ளைங்க காலு." முடிச்சு விழுந்ததும் கல்லின் தலையில் இரண்டு தட்டு தட்டினார்.

"நகராம நில்லு."