விசில் அப்பாவின் மூன்றாவது அட்டை

அப்பாவும் அவளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அட்டை வெட்டியது. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அவள் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் பிளேடை இழுத்தார். பச்சை அட்டையில் 'ஐந்து நிமிடம்', மஞ்சளில் 'இரண்டு நிமிடம்' என்று பட்டைப் பேனாவால் எழுதினார். மூன்றாவது சிவப்பு. அதில் 'முடியுங்கள்' என்று இருக்க வேண்டும். பழைய சிவப்பு அட்டையில் போன வருடம் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள்.

"முனைக் கடையில சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு வாங்கிக்கறேன்."

"இந்த வருஷமாவது எனக்கு ரெண்டு நிமிஷம் கூடக் குடுப்பீங்களா?"

"பேச்சச் சுருக்கு."

"அந்த ஊதாப் பைக்காரிக்கு மட்டும் குடுத்தீங்க."

"ஆரம்பிச்சிட்டியா? ஸ்கேலப் பிடி, கோணுது."

அவர் வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். கம்பி போட்ட சின்ன அறை, காதில் பென்சில், கழுத்தில் விசில். அவர் ஊதினால் பஸ் கிளம்ப வேண்டும். டிரைவர்கள் கெஞ்சுவார்கள், டீ வாங்கித் தருவார்கள். மனிதர் மசிய மாட்டார். ஆனால் கையில் குழந்தையோடு யாராவது ஓடி வந்தால், விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நிற்பார். பள்ளிக்கூடப் பையோடு அவள் ஓடி வந்த ஒரு காலையில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினார். பஸ் போய்விட்டது. "டைம் கீப்பர் பொண்ணுக்காக வண்டி நின்னுச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது பாரு" என்றார். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நின்ற பஸ், பெற்ற மகளுக்கு நிற்கவில்லை. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் அது.

வளர்ந்து அவள் இணையதளம் செய்யும் வேலைக்குப் போனாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை கூடிப் பேசும் மாநாட்டுக்கு, ஓய்வு பெற்ற வருடம் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவிட வந்தார் அப்பா. முதலில் பேசியவர் மைக்கை விடுவதாக இல்லை. பின்வரிசையில் நெளிந்துகொண்டிருந்த அப்பா எழுந்து, ஏற்பாட்டாளரான தாடிக்காரனிடம் போனார்.

"தம்பி, முதல் வண்டியே இன்னும் கிளம்பல. பின்னாடி நாலு வண்டி நிக்குது."

"நீங்களே கிளப்பி விடுங்களேன் அங்கிள்."

பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். மண்டபமே சிரித்தது. மறுவருடம் முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி, கையில் மூன்று அட்டை. விசில் அப்பா என்று பெயரும் வந்துவிட்டது. "பேசறது ஒண்ணும் புரியாது. எப்ப முடிக்கணும்னு மட்டும் புரியும்" என்பார். பிள்ளைகள் அவருக்கு டீ கொண்டுவந்தார்கள், முழங்கால் வலியை விசாரித்தார்கள், தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ராப்பகலாக இந்தத் தொழிலில் உழைக்கிற அவளோ அங்கே விசில் அப்பாவின் பொண்ணு, அவ்வளவுதான். சிரித்து வைத்தாள். காதில் புகை வந்தது.

போன வருடம் அவள் முதன்முதலாக மேடை ஏறினாள். மெதுவாகத் திறக்கும் பக்கங்களை வேகப்படுத்துவது பற்றிப் பேச்சு. முக்கியமான படத்தைக் காட்டப் போகும்போது சிவப்பு அட்டை உயர்ந்தது. கண்ணால் கெஞ்சினாள். அட்டை இறங்கவில்லை. அடுத்து ஊதாப் பை மாட்டிய ஒரு பெண்; மாநாட்டில் எல்லோருக்கும் அவள் ஊதாதான். அவள் லேப்டாப் திரையோடு இணைய மறுத்தது, நாக்கு குழறியது. அப்பா சிவப்பு அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அந்தப் பெண் பேசி முடித்ததும் முதலில் கை தட்டியவரும் அவர்தான்.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது கேட்டாள். "ஏம்ப்பா?"

"அந்தப் பொண்ணோட வண்டி நடுவழியில நின்னுபோச்சு. உன் வண்டி ஓடிட்டுத்தானே இருந்துச்சு?"

"அப்ப நானும் ரிப்பேராகி நிக்கணுமா?"

ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்.

அட்டை வெட்டிய மறுநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு மாநாட்டுக் கூட்டமே வந்தது. ஊதா தேம்பித் தேம்பி அழுதாள். மகளுக்குக் கண்ணீர் வரவில்லை. இவள் ஏன் என்னைவிட அதிகம் அழுகிறாள் என்று மட்டும் தோன்றியது. பிறகு தாடிக்காரன் போன் செய்தான்.

"அக்கா, உங்க பேச்சு லிஸ்ட்ல அப்படியே இருக்கு. வருவீங்கல்ல?"

"வரேன்."

"அப்பா சீட்ல ஊதா உக்கார்றேன்னு கேட்டா. அந்த அட்டைங்க மட்டும் கொண்டு வர முடியுமா?"

 போனை வைத்த பிறகு அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். பச்சை, மஞ்சள். அன்று மாலை தெருவில் போனவளை முனைக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"அப்பா கேட்ட சிவப்பு அட்டை வந்திடுச்சும்மா. எடுத்துட்டுப் போறியா?"

"அப்புறம் வரேண்ணே."

ஊதாவின் கையில் அப்பாவின் சிவப்பு அட்டையா? அவள் நடையை எட்டிப் போட்டாள்.

மாநாட்டில் ஊதா இரண்டு அட்டைகளையும் இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சிவப்பு எங்கக்கா?"

"அப்பா வாங்கல."

"அப்ப உங்கள எப்படி நிறுத்தறது?"

"நிறுத்தாத."

பேசினாள். பச்சை உயர்ந்தது. மஞ்சள் உயர்ந்தது. அதன் பிறகு எதுவும் உயரவில்லை. போன வருடம் காட்ட முடியாத படத்தைக் காட்டினாள். கேட்ட இரண்டு நிமிடம் கிடைத்தது. அதைத் தாண்டியும் பேச்சு ஓடியது. ஒவ்வொரு வரி முடிவிலும் கண் முன்வரிசை நாற்காலிக்குப் போயிற்று. அங்கே ஊதா வெறும் கைகளை மடியில் வைத்து, நிறுத்த முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. மேடையில் நின்றவள் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றாள்.  யாரும் விசில் ஊதவில்லை. மைக்கை வைத்துவிட்டு இறங்கினாள்.

ஊதாதான் முதலில் கை தட்டினாள். அதுவும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

அப்பா வாங்குகிறேன் என்று சொன்ன சிவப்பு அட்டை, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டபடி, இன்னும் முனைக் கடையில்தான் இருக்கிறது.